நெகிழித் தார்ச்சாலை

நெகிழித் தார்ச்சாலை என்பது சாலைச் சல்லியைப் பிணைக்கத் தாருடன் கழிவு நெகிழியையும் பயன்படுத்தும் முறை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் இதனை உருவாக்கினார்.

இலுப்பூர் போன்ற ஊர்களின் மண்பாதைகளில் சல்லியை இறுக்குவது கிராவல்தான். மழையில் அது கரைந்தோடும். தார் கரையாது, ஆனால் தேங்கும் நீர் கல்லுக்கும் தாருக்கும் இடையே புகுந்து பூச்சை உரிக்கும், பின்பு குழி விழும்.

வாசுதேவன் நெகிழியைத் தாரில் கலக்கவில்லை, கல்லின் மேலேயே பூசினார். இம்முறையின் நுட்பம் இதுவே. சுமார் 170 பாகை செல்சியசு வரை சூடேற்றிய சல்லியில் நெகிழித் துணுக்குகளைத் தூவினால் அவை உருகி மெல்லிய படலமாக ஒட்டும். படலம் நீரைத் தடுக்கும், தாரைப் பற்றிக்கொள்ளும். தார்ச் செலவும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும்.

2002இல் சென்னை ஜம்புலிங்கம் தெருவில் இத்தகைய சாலை போடப்பட்டது. 2013இல் இந்திய சாலைப் பேராயம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2018இல் வாசுதேவனுக்குப் பத்மசிறீ வழங்கப்பட்டது.

எல்லா நெகிழியும் இதற்கு ஆகாது. பைகளும் உறைகளும் ஏற்றவை. பி.வி.சி. சூடேறினால் ஐதரசன் குளோரைடு நச்சு வளிமம் வெளியேறும். கலவைக் கொப்பரையருகே நிற்கும் தொழிலாளிதான் அதை முதலில் சுவாசிப்பவர். எனவே துணுக்காக்கும் முன்பே பி.வி.சி.யைப் பிரித்து நீக்கிவிட வேண்டும்.