வயிற்றுக்குள் இருக்கும் விருந்தாளிகள்... நீங்க சாப்பிட்டாச்சு, அவங்க சாப்பிட்டாங்களா?

காலையில் டீ, பிஸ்கட். மதியம் ஃப்ரைடு ரைஸ். ராத்திரி பரோட்டா. இதுதான் உங்க மெனுவா? உங்களுக்கு வயிறு நிறைஞ்சிருக்கும். ஆனா, உங்க குடலுக்குள்ள குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பட்டினி!

ஒருவரின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. பெரும்பாலானவை பெருங்குடலில்தான் வசிக்கின்றன.

அவற்றுக்கு என்ன சாப்பாடு?

நார்ச்சத்து. நம்மால் செரிக்க முடியாத இதை அவை நொதிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு இதுதான் முக்கிய எரிபொருள். நோய் எதிர்ப்பு செல்கள் தேவையில்லாமல் கொந்தளிக்காமல் பார்த்துக்கொள்வதிலும் இதற்குப் பங்குண்டு.

பட்டினி போட்டால்?

2016-ல் எலிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், நார்ச்சத்து கிடைக்காத பாக்டீரியாக்கள் குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்ன ஆரம்பித்தன. படலம் மெலிந்ததும் நோய்க்கிருமிகளுக்கு வழி எளிதாகிவிட்டது.

தயிருக்கு ஒரு ஓட்டு

2021-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், ஆரோக்கியமான 36 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, 10 வாரம் உணவை மாற்றிப் பார்த்தது. தயிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளை அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் குடல் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் நல்ல சேதி.

நீங்க என்ன செய்யலாம்?

* தினமும் 400 கிராம் காய்கறி, பழம், 25 கிராம் நார்ச்சத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுண்டல், கீரை, கொய்யா, கம்பு என மாத்தி மாத்திச் சாப்பிடுங்க.

* இட்லி மாவில் இருக்கும் பாக்டீரியாக்கள் ஆவியில் வேகும்போது இறந்துவிடும். உயிரோட வேணும்னா தயிர், மோர், பழைய சோறு. கூடவே சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டா, அதிலிருக்கும் நார்ச்சத்து பாக்டீரியாக்களுக்கு போனஸ்!

* நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரும் நல்லா குடிங்க.

* சளி பிடிச்சதும் மெடிக்கல் ஷாப்பில் நீங்களே ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீங்க. வைரஸ் சளிக்கு அது வேலை செய்யாது. நல்ல பாக்டீரியாக்களைத்தான் காலி பண்ணும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, நாள்கணக்கில் வயிற்றுப்போக்கு இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டரைப் பாருங்க.

உணவை மாற்றினால் சில நாள்களிலேயே குடல் நுண்ணுயிர்கள் மாறத் தொடங்கும். பழையபடி திரும்பினால், அவையும் திரும்பிவிடும். அதனால, ஒரு வாரச் சவாலா இல்லாம, தினசரிப் பழக்கமா ஆக்கிக்கோங்க. இன்னிக்கு ராத்திரியே ஒரு கப் சுண்டலோட ஆரம்பிக்கலாமே!