சேலத்து மதுவிலக்கும் ஒரு புள்ளியியல் கணக்கும்

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. நாமக்கல்லும் தருமபுரியும் அன்று அம்மாவட்டத்தில் அடக்கம். முதலாண்டின் பொருளாதார விளைவுகளைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. கள்ளுக்குப் போன காசு சோற்றுக்கும் துணிக்கும் திரும்பியதா என்பதே கேள்வி. கேட்பது எளிது. ஆனால் ஒரு குடும்பத்தின் செலவை முன்னும் பின்னும் ஒப்பிட்டால் மட்டும் போதாது. மழை, நெசவுக் கூலி, தானிய விலை எல்லாம் குறுக்கே வரும். கள்ளுக்கடை திறந்திருந்த பக்கத்து மாவட்டங்களோடும் ஒப்பிட வேண்டும். அந்த வாய்ப்பும் சுருங்கிக்கொண்டே வந்தது: 1938இல் சித்தூருக்கும் கடப்பாவுக்கும், 1939இல் வட ஆர்க்காட்டுக்கும் மதுவிலக்கு பரவியது. நேற்றுவரை குடித்தவர் விசாரிக்க வந்தவரிடம் சொல்லும் பதிலையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஐயமின்றித் தெரிந்தது கஜானாவின் இழப்புதான். அதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது.