எண்ணிலிருந்து வாக்கியத்துக்கு: ஐசோமெட்ரிக் பாத்திர விளையாட்டுகளில் எழுத்தும் ஆளுமை உருவாக்கமும் (1997–2023)

ஐசோமெட்ரிக் கோணத்தில் அமைந்த கணினிப் பாத்திர விளையாட்டுகளை மதிப்பிடுவோர் இரண்டு சிறப்புகளைத் தனித்தனியே பேசுவது வழக்கம். ஒன்று, எழுத்தின் தரம். மற்றொன்று, ஆடுபவர் தம் பாத்திரத்தை விரும்பியபடி அமைத்துக்கொள்ளும் வசதி. கடந்த கால் நூற்றாண்டின் முக்கிய ஆக்கங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது இந்தப் பிரிவினை நிற்பதில்லை. தொடக்கத் திரையில் ஆடுபவர் இடும் ஓர் எண், பின்னர் எந்த இடத்தில், எந்த அழுத்தத்துடன் ஒரு வாக்கியமாக வெளிப்படுகிறது என்பதே இவ்வகையின் மையச் சிக்கல். எண் வாக்கியமாகாத இடத்தில் எவ்வளவு தேர்வுகள் இருந்தாலும் அவை வெறும் கணக்காகவே எஞ்சுகின்றன.

கோணத்துக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை முதலில் பார்க்க வேண்டும். உயரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும் இந்தக் காட்சியில் மனிதர்கள் திரையில் விரல்நுனி அளவே தெரிவார்கள். முகம் தெரியாது, கண் கலங்குவது தெரியாது. எதிரே நிற்பவரின் தழும்பு, வாடை, குரலின் நடுக்கம் எல்லாவற்றையும் உரையே சொல்லியாக வேண்டும். இதில் ஒரு பொருளாதாரமும் உண்டு. குரல்பதிவும் முக அசைவும் தேவைப்படாதபோது கூடுதலாக ஒரு கிளை எழுத ஆகும் செலவு எழுத்தாளரின் நேரம் மட்டுமே. 1997இல் இன்டர்ப்ளே வெளியிட்ட ஃபால்அவுட்டில் களிமண்ணில் வடித்துக் கணினிக்கு மாற்றிய பேசும் தலைகள் மிகச் சிலருக்கே தரப்பட்டன. மற்றவர்கள் எழுத்தில் பேசினார்கள். ஒரே கேள்விக்குப் பலவகை ஆளுமைகளுக்கும் தனித்தனிப் பதில் எழுத அந்தச் சிக்கனம் இடம் தந்தது.

ஃபால்அவுட் முதலில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனத்தின் கர்ப்ஸ் மேசை விளையாட்டு விதிகளின்மீது கட்டப்பட்டது. அந்த உடன்பாடு முறிந்தபின் டிம் கெயினின் குழு வலிமை, புலனுணர்வு, தாங்குதிறன், கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்னும் ஏழு பண்பளவுகளைக் கொண்ட ஸ்பெஷல் முறையை உருவாக்கியது. இவற்றுள் அறிவுக்கு இட்ட எண்தான் இலக்கிய நோக்கில் முதன்மையானது. அதை மிகவும் தாழ்த்தி வைத்தால் நாயகன் உறுமல்களிலும் உடைந்த சொற்களிலும் மட்டுமே பேசுவான். பலர் அவனுக்குப் பணி தரவே மறுப்பார்கள். மறுஆண்டில் வந்த ஃபால்அவுட் 2 இதை இன்னும் நுட்பமாகக் கையாண்டது. கிளமாத் ஊரில் டார் என்னும் மந்தபுத்திக்காரர் இருக்கிறார். அறிவுள்ள நாயகனுக்கு அவர் பேச்சு குழறலாகக் கேட்கும். அறிவெண் தாழ்ந்த நாயகன் சென்றாலோ இருவரும் செறிவான நடையில் உரையாடுவார்கள். ஊரார் குழறலாகக் கேட்கும் பேச்சுக்குள் முழுமையான மொழி இருந்திருக்கிறது என்பதை அந்த ஒற்றை எண் திறந்துகாட்டுகிறது. பண்பளவு ஒன்று பார்வைக்கோணமாக மாறிய மிக முற்பட்ட சான்றுகளில் இதை வைக்கலாம்.

முதல் ஃபால்அவுட்டின் முடிவும் இதே திசையில் செல்கிறது. மாஸ்டர் என்னும் எதிராளியைச் சுட்டுக் கொல்லலாம். அவர் படைத்த புதிய இனம் இனப்பெருக்கம் செய்ய இயலாதது என்பதைச் சான்றுடன் எடுத்துரைத்து அவருடைய கொள்கையையே தகர்க்கவும் செய்யலாம். அப்போது அவர் தம்மைத் தாமே அழித்துக்கொள்கிறார்.

1998 டிசம்பரில் கனடாவின் பயோவேர் உருவாக்கிய பால்டர்ஸ் கேட் வேறொரு பாதையை வகுத்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இரண்டாம் பதிப்பு விதிகளின்படி இனம், தொழில்வகுப்பு, ஒழுக்கச் சார்பு ஆகியவற்றைத் தேர்ந்து, திருப்தி வரும்வரை பகடையை மீண்டும் மீண்டும் உருட்டி நாயகனை அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தேர்வுகளில் பெரும்பகுதி போர்க்களத்திலேயே பயன்பட்டது. உரையாடலுக்குள் அரிதாகவே நுழைந்தது. எழுத்தின் உயிர் தோழர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் தோழர்கள் ஒருவரோடொருவர் சண்டையிடுகிறார்கள், காதல் கொள்கிறார்கள், மனம் கசந்து குழுவைவிட்டே விலகுகிறார்கள். நாயகன் ஆடுபவருக்கு, சொற்கள் தோழர்களுக்கு என்ற இந்தப் பாகப்பிரிவினை பின்வந்த பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. தோழர்களின் எழுத்து எவ்வளவு வளர்ந்ததோ அவ்வளவுக்கு நாயகன் வெறுமையானான் என்பதே என் மதிப்பீடு.

அதே மென்பொருள் இயந்திரத்தை, அதே விதிகளை வைத்துக்கொண்டு முற்றிலும் எதிர்த்திசையில் சென்றது பிளேன்ஸ்கேப்: டார்மென்ட். பிளாக் ஐல் நிறுவனத்தில் கிறிஸ் அவெல்லோன் தலைமையில் உருவாகி 1999 டிசம்பரில் வெளிவந்தது. இங்கே முகம், இனம், பால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. உடலெங்கும் தழும்புகளோடு பிணவறையில் கண்விழிக்கும் பெயரற்றவன் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டவன். இறந்தாலும் மீண்டும் எழுவான். ஆனால் முன்பு வாழ்ந்த வாழ்க்கைகளின் நினைவு இல்லை. தேர்வைச் சுருக்கியதால் ஆளுமை உருவாக்கம் சுருங்கவில்லை. அது தொடக்கத் திரையிலிருந்து விளையாட்டின் முழு நீளத்துக்கும் பரவியது. ஒழுக்கச் சார்பை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க முடியாது. நடுநிலையில் தொடங்கிச் செயல்களால் அது நகரும். போர்வீரன், திருடன், மந்திரவாதி என்னும் தொழில்களை இடையில் மாற்றிக்கொள்ளலாம், ஏனெனில் முற்பிறவிகளில் அவன் எல்லாமாகவும் இருந்திருக்கிறான். ஞானம், அறிவு ஆகியவற்றின் எண்கள் உயர உயர, மறந்துபோன நினைவுகள் உரையாடலின் நடுவே மேலெழுகின்றன. வாளைவிட நினைவு அதிக அனுபவப் புள்ளிகளைத் தரும் இடங்கள் ஏராளம்.

இந்த ஆக்கத்தின் மிகக் கூர்மையான உத்தி கண்ணில் படாமல் போகக்கூடிய அளவுக்குச் சிறியது. சில இடங்களில் ஒரே வாக்கியம் இருமுறை தரப்படும். ஒன்றின் முன் உண்மை என்ற குறிப்பு, மற்றொன்றின் முன் பொய் என்ற குறிப்பு. எதிரே நிற்பவர் கேட்பது ஒரே சொற்களைத்தான். ஆனால் பேசுபவனின் உள்ளக்கிடக்கை பதிவாகிறது. அது அவன் சார்பை நகர்த்துகிறது. செயலால் மட்டுமே பாத்திரத்தை அளந்துவந்த வடிவத்தில் நோக்கத்துக்கு இடம் பிறந்தது இங்கேதான் என்று கருதுகிறேன். ஏறத்தாழ எட்டு லட்சம் சொற்கள் கொண்ட இந்த உரை வெளிவந்த காலத்தில் பெரும் விற்பனை காணவில்லை. ஆனால் இருபது ஆண்டுக்குப் பின் அதன் விதை வேறொரு நாட்டில் முளைத்தது.

2001இல் ட்ரோய்க்காவின் ஆர்கேனம், மந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையில் ஆடுபவர் எடுக்கும் நிலையை ஒரே அளவுகோலில் வைத்துச் சமூகமே அதற்கேற்ப எதிர்வினையாற்றச் செய்தது. அதன்பின் இவ்வகை மெல்லத் தேய்ந்தது. 2003இன் இறுதியில் பிளாக் ஐல் மூடப்பட்டது. காட்சி முப்பரிமாணத்துக்கும் நெருக்கமான முகங்களுக்கும் நகர்ந்தது. நாயகனுக்கு முழுக்குரல் தந்த 2007இன் மாஸ் எஃபெக்ட் போன்றவற்றில் ஒவ்வொரு பதிலும் நடிகரின் பதிவுநேரமாகக் கணக்கிடப்பட்டதால், தாழ்ந்த அறிவெண்ணுக்கெனத் தனி உரையாடல் எழுதுவது எட்டாத ஆடம்பரமாகிவிட்டது.

மீட்சி 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணைய நிதிதிரட்டல் தளத்தின் வழியே வந்தது. பிளாக் ஐல் முன்னாள் பணியாளர்கள் தொடங்கிய அப்சிடியன் நிறுவனம் 11 லட்சம் டாலர் கேட்டு, சுமார் 40 லட்சம் டாலர் திரட்டியது. அதில் உருவாகி 2015 மார்ச்சில் வந்தது பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி. ஜோஷ் சாயர் வகுத்த விதிகளில் எந்தப் பண்பளவும் எவருக்கும் வீணாகக் கூடாது என்பது கொள்கை. ஆகவே ஆற்றல் என்னும் எண் வாளின் அடியையும் மந்திரத்தின் தாக்கத்தையும் ஒருசேரக் கூட்டியது. விதியமைப்பாக இது நேர்த்தியானது. எழுத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஓர் இழப்பு உண்டு: கதவை உடைக்கும் தசைவலிமையும் ஏட்டறிவால் வரும் மந்திரவலிமையும் ஒரே எண்ணாகிவிடும்போது, அந்த எண் எந்த வகை மனிதரைக் குறிக்கிறது என்பது மங்குகிறது.

இதிலும் பெரிய சிக்கல், பதில்களின்மீது ஒட்டப்பட்ட முத்திரைகள். கருணை, கொடூரம், நேர்மை, வஞ்சகம் எனப் பத்து மனப்பாங்குகளை விளையாட்டு கணக்கிடுகிறது. எந்தப் பதில் எந்த மனப்பாங்குக்கு உரியது என்பதையும் உடனே காட்டுகிறது. அதை அணைத்துவைக்க வழி இருந்தாலும் பலர் முத்திரையைப் படித்தே தேர்ந்தார்கள், வாக்கியம் இரண்டாம்பட்சமாயிற்று. பணம் தந்த ஆதரவாளர்கள் எழுதிய சிறு பாத்திரங்கள் பொன்னிறப் பெயர்ப்பலகையோடு தெருவெங்கும் நின்றதும் கதையின் இழையை அறுத்தது. ஆனால் இதே ஆக்கத்தில் அவெல்லோன் எழுதிய டூரன்ஸ் என்னும் பூசாரி, தான் வழிபடும் தேவி தன்னைக் கைவிட்டதை அறியாமலே அவள் பெயரால் பேசிக்கொண்டிருப்பவர். முத்திரைக்கு அடங்காத எழுத்துக்கு அவர் ஒருவரே போதிய சான்று.

எஸ்தோனியாவில் வேர்கொண்ட ஸாஉம் குழு 2019 அக்டோபரில் வெளியிட்ட டிஸ்கோ எலிசியம் இச்சிக்கலின் அடித்தளத்தையே மாற்றியது. தலைமை எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ் அதே கற்பனை உலகை வைத்து 2013இல் ஒரு நாவல் வெளியிட்டிருந்தார். நாயகன் இங்கும் முன்பே எழுதப்பட்டவன்: குடித்துக் குடித்துத் தன் பெயரையும் மறந்த துப்பறிவாளன். போருக்கெனத் தனி முறை இல்லை. அறிவு, உளம், உடல், இயக்கம் என நான்கு பண்புகளின்கீழ் ஆறாறாக 24 திறன்கள். அந்த ஒவ்வொரு திறனும் பேசும். தர்க்கம், கலைக்களஞ்சியம், அதிகாரம், பரிவு எல்லாம் அவன் தலைக்குள் இருக்கும் தனித்தனிக் குரல்கள். எண் உயர்ந்தால் அந்தக் குரல் அடிக்கடி குறுக்கிடும். ஃபால்அவுட்டில் எண் கதவைத் திறந்தது. இங்கே எண்ணே வாய்திறந்தது.

இக்குரல்கள் எப்போதும் சரி சொல்வதில்லை என்பதில்தான் எழுத்தின் மேன்மை இருக்கிறது. தர்க்கம் தற்பெருமை கொண்டது, புகழ்ச்சிக்கு மயங்கும். கிளாஸ்யே என்னும் பெண்ணை விசாரிக்கும் காட்சியில் மற்றத் திறன்கள் அவளிடம் வசப்பட்டுவிட்டன, அவற்றை நம்பாதே என்று மனவுறுதி எச்சரிக்கிறது. தாம் புள்ளி கொடுத்து வளர்த்த திறமையே தம்மை ஏமாற்றுவதை ஆடுபவர் அங்கே உணர்கிறார். திறனை உயர்த்துவது லாபம் மட்டுமே என்றிருந்த பழைய கணக்கு இதனால் உடைந்தது. இரண்டு பகடைகள் காட்டும் தோல்வியும் வெற்றிக்கு நிகரான கவனத்துடன் எழுதப்பட்டிருக்கிறது. உடலெண் மிகத் தாழ்ந்திருந்தால் விடுதி அறையின் விளக்கைப் போட்டதுமே மாரடைப்பில் கதை முடியக்கூடும். பத்து லட்சம் சொற்களைத் தாண்டும் இவ்வுரை திரையின் வலப்பக்கம் குறுகிய பத்தியாக மேலேறிச் செல்கிறது. நெடும் உரைக்கு இவ்வகையில் இதுவரை அமைந்த மிகச் சிறந்த பக்கவடிவம் இதுவே. 2021இன் முழுக்குரல் பதிப்பில் திறன்களுக்கெல்லாம் லென்வல் பிரவுன் என்ற ஒரே கலைஞர் குரல் கொடுத்தார். ஒருவன் தலைக்குள் கேட்கும் பல குரல்கள் ஒரே தொண்டையிலிருந்து வருவது பொருத்தமான முடிவு.

2023 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 இரு மரபுகளையும் ஒன்றுசேர்க்க முயன்றது. நடக்கும்போது உயரக் காட்சி. பேசும்போது கேமரா முகத்துக்கு நெருக்கமாக இறங்குகிறது. 12 தொழில்வகுப்புகளும் 11 இனங்களும் உண்டு. இனத்தையும் தொழிலையும் ஒட்டிய தனிப் பதில்கள் ஏராளம். ஆயினும் ஆடுபவரே முழுவதுமாக அமைக்கும் நாயகன் உரையாடலில் வாய்பேசாமல் நிற்க, எதிரிலிருக்கும் தோழரோ முகத்தின் ஒவ்வொரு அசைவோடும் பேசுகிறார். 1998இன் பாகப்பிரிவினை இங்கே முகத்தளவில் கண்ணுக்குத் தெரிகிறது.

அதே விளையாட்டில் டார்க் அர்ஜ் என்னும் தொடக்கத் தேர்வு மட்டும் இதற்கு விலக்கு. அதில் இனம், தொழில், தோற்றம் அனைத்தும் ஆடுபவர் விருப்பம். ஆனால் நினைவிழந்த, கொலைவெறி ஊறிய ஒரு கடந்தகாலம் எழுத்தாளர்களால் முன்பே தரப்பட்டிருக்கிறது. அடைக்கலம் கேட்டு முகாமுக்கு வரும் அல்ஃபிரா என்னும் பாடகியை அவன் தூக்கத்தில் கொன்றுவிடுகிறான். அதைத் தடுக்க அந்த இரவில் எந்தப் பதிலும் தரப்படுவதில்லை. விழித்தபின் ஒப்புக்கொள்வதா, மறைப்பதா என்பதே ஆடுபவர் கையில் இருக்கிறது. பெயரற்றவனுக்கு 1999இல் கிடைத்த எழுதப்பட்ட கடந்தகாலமும் பால்டர்ஸ் கேட் தந்த உடல் சுதந்திரமும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்திருப்பது இங்கேதான். முழுச் சுதந்திரத்தோடு அமைக்கப்படும் நாயகனுக்கு இந்த ஆழத்தில் ஒரு காட்சியும் அந்த விளையாட்டில் எழுதப்படவில்லை.