நடுநாடும் சரீர சாஸ்திரமும்

விழுப்புரத்திலிருந்து காணை, கெடார் வழியாகத் திருவண்ணாமலை நோக்கிப் போகும் சாலையில், பாறைக் குன்றுகளுக்கிடையே அமைந்த கண்டாச்சிபுரத்தை இராமநாதீசுவரர் கோயிலைக் கொண்டு அறிந்தவர்கள் பலர். இன்று அது ஒரு தாலுகாவின் தலைமையிடம் என்பதைக் கொண்டு அறிந்தவர்கள் அவர்களினும் குறைவு. நூறாண்டுகளுக்கு முன் அது தென்னார்க்காடு ஜில்லாவின் திருக்கோவலூர் தாலுகாவைச் சேர்ந்த ஒரு கிராமமாயிருந்தது. திண்டிவனத்துக்குக் கட்டை வண்டியில் இரண்டு நாள் வழி. மனித சரீரத்தின் அமைப்பையும் அதன் தொழிலையும் கூறும் சாஸ்திரம், இந்நாளில் மேல்நிலைப் பள்ளி மாணவியின் கைப்புத்தகத்தில் வண்ணப் படங்களோடு இடம்பெற்றிருக்கின்ற அந்தச் சாஸ்திரம், இந்த நடுநாட்டு ஊர்களுக்கு எவ்வழியாக வந்தது என்று விசாரிக்கப் புகுந்தால், பாதை நேரே சென்னைப் பட்டணத்துக்குப் போவதில்லை. அது கடல் கடந்து யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குப் போய், திண்டிவனத்தில் ஓர் இராத்திரி தங்கி, வேலூர் வழியாகத் திரும்பி வருகின்றது.

அதற்கு முன் இந்நாட்டில் சரீர ஞானமே இல்லை என்று எண்ணுவது பெரும் பிழையாகும். பிரேதத்தைக் கூட்டினுள் வைத்து ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவிட்டு, மெல்ல மெல்லத் தேய்த்து, தோல் முதல் எலும்பு வரை கண்ணாரக் காணவேண்டும் என்று விதித்தவர் சுசுருதர். தமிழ்ச் சித்தர் மரபில் வர்மப் புள்ளிகளை 108 என வகுத்து, எந்த இடத்தில் அடிபட்டால் என்ன விளையும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆயினும் சுசுருதர் விதித்த அப்பரீட்சை பிற்காலத்தில் வழக்கொழிந்தது. தீட்டு என்னும் எண்ணம் பிணத்துக்கும் வைத்தியனுக்கும் நடுவே சுவர் எழுப்பிற்று. கல்கத்தாவில் மதுசூதன குப்தர் 1836-இல் பிரேதத்தில் கத்தி வைத்ததை ஒரு சகாப்தத்தின் தொடக்கமாக இன்றும் பேசுகின்றோமென்றால், அச்சுவர் எத்துணை உயர்ந்திருந்தது என்பது விளங்கும்.

கிராமத்தில் உயிருள்ள சரீரத்தை நெருங்கித் தொட்டு அறிந்தவள் ஒருத்தியே: மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண். பிள்ளைப்பேற்றுக்கு அழைக்கும்போது வேண்டப்படுபவள். மற்ற நாட்களில் வாசற்படிக்கு வெளியே நிறுத்தப்படுபவள். வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துத் தலை மேலா கீழா என்று சொல்லிவிடுவாள். அவள் கைப்பழக்கத்தை இகழ்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கைக்கு எட்டாத இடத்தில் நடப்பது என்ன என்பதை அவளுக்குக் காட்டுவார் இல்லை.

அங்கே நடப்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஏனெனில் இவ்விருத்தாந்தம் முழுவதும் அந்தச் சிறு இடத்தைப் பற்றியதே. இரு புறத்து இடுப்பெலும்புகளும், பின்னே திரிகமும் வாலெலும்பும் கூடி அமைந்த ஓர் எலும்பு வளையமே இடுப்புக்கூடு. ஒவ்வோர் இடுப்பெலும்பும் குழந்தைப் பருவத்தில் மூன்று துண்டுகளாயிருந்து, பருவமெய்தி வளர்ச்சி முற்றும்போதுதான் ஒன்றாக இறுகுகின்றது. வளையத்தின் மேல்வாய் குறுக்கே ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் அகலமுடையது. முன்பின்னாக அளந்தால் 11 தான். கீழ்வாயோ இதற்கு மாறாக முன்பின்னாக நீண்டிருக்கும். ஆகவே சிசுவின் தலை பக்கவாட்டில் பார்த்தபடி உள்ளே இறங்கி, நடுவில் ஏறக்குறைய கால் வட்டம் திரும்பி, முகம் தாயின் முதுகுப்புறம் நோக்க வெளிவருகின்றது. மண்டை ஓட்டின் தகடுகள் இன்னும் பொருந்தி இறுகாதிருப்பதனால், ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறி, தலை தன் அளவைச் சுருக்கிக்கொள்ளுகின்றது. பஞ்சத்தில் வளர்ந்து எலும்பு குறுகியவளுக்கும், வளர்ச்சி முற்றுமுன் மணமுடிக்கப்பட்டுக் கருவுற்றவளுக்கும் அந்த வளையம் இடம் தருவதில்லை. தலை திரும்பாமல் நின்றுவிட்டால், தாயின் வலி எத்தனை நாள் நீடித்தும் பயனில்லை.

குழந்தை பிறந்த பின்னும் அபாயம் உண்டு. நிறைமாதக் கருப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் பாய்கின்றது. நஞ்சுக்கொடி பிரிந்தவுடன் அத்தனை வாய்களும் திறந்து நிற்கும். கருப்பையின் தசைநார்கள் கயிற்றுக் கட்டிலின் பின்னல் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதனால், தசை சுருங்கியதும் ஒவ்வோர் இரத்தக்குழாயும் அப்பின்னலுக்குள் நெரிக்கப்பட்டு மூடுகின்றது. சுருங்காவிட்டால், ஒரு நாழிகை கழிவதற்குள் காரியம் கைமீறிவிடும். இவற்றையெல்லாம் அறிந்து, வெளியிலிருந்து கருப்பையை அழுத்திப் பிசைந்து சுருங்கச் செய்வதும், கையைக் கழுவிவிட்டுத் தொடுவதும், திரும்பாத தலையை ஆயுதத்தால் எடுப்பதும் சாஸ்திரம் கற்றவர் செய்யக்கூடியவை. கையைக் கழுவுதல் என்னும் எளிய காரியத்தை வியன்னா நகரத்து மருத்துவமனையில் செம்மல்வைஸ் கட்டாயமாக்கியதே 1847-இல்தான். அதற்கும் ஐரோப்பிய வைத்தியர்கள் அவரைப் பரிகசித்தார்கள் என்பதை நினைத்தால், நம் மருத்துவச்சியை மட்டும் குறை கூறுவது நியாயமன்று.

அதே 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரத்தில் 1822-இல் பிறந்தவர். அமெரிக்க இலங்கை மிஷனின் வைத்தியராக வந்து, மானிப்பாயில் வைத்தியசாலையும், அதனோடு ஒரு வைத்தியப் பள்ளியும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில்தான் போதித்தார். வட்டுக்கோட்டைச் செமினரியில் தேர்ந்த மாணாக்கர்கள் அவரிடம் வந்தார்கள். படித்து முடித்ததும் அவர்களில் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போனார்கள். கிராமத்துக்கு வைத்தியன் வேண்டுமென்று பள்ளி நடத்தியவருக்கு இது பொறுக்கவில்லை. ஆங்கிலம் கற்றவன் அன்னிய உடையையும் தரித்துத் தன் ஜனங்களுக்கே அன்னியனாகிறான் என்பது அவர் அபிப்பிராயம். 1864 முதல் பயிற்சி தமிழில் நடந்தது. உத்தியோக ஆசையுள்ள மாணாக்கருக்கு அது உவப்பாயிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன்பே அவர் நூல்களில் கைவைத்திருந்தார். கால்வின் கட்டர் என்பவர் அமெரிக்கப் பள்ளி மாணவருக்கென எழுதிய உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரப் பாடப்புத்தகத்தை 1852-இல் தமிழில் கொணர்ந்தார். 'அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்' என்பது அதன் பெயர். மாணவருக்கான சரீர சாஸ்திரம் புதிய ஐரோப்பிய முறையில் தமிழில் அச்சேறியதற்கு அதுவே முதல் என்று கொள்ளலாம். 1857-இல் 'பிரசவ வைத்தியம்', 1867-இல் 'இரண வைத்தியம்', 1872-இல் கிரே என்பவரின் பேர்பெற்ற நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்'. கிரே தம் நூலை லண்டனில் வெளியிட்டது 1858-இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழ் பேசிற்று. பொருளுக்குத் தமிழில் சொல் இருந்தால் அதைக் கொள்ளுதல், இல்லையேல் சம்ஸ்கிருதத்தை நாடுதல், இரண்டும் உதவாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் வழங்குதல் என்பது கிறீன் கடைப்பிடித்த முறை. அவருடைய மாணாக்கர்களே உடனிருந்து மொழிபெயர்த்தார்கள். அவர் நடை இன்று நமக்குக் கரடுமுரடாகப் படலாம்; ஆனால் ஒரு தொழிலைக் கற்பிக்க வேண்டிய அவசரத்தில் பிறந்த நடை அது; அலங்காரத்துக்கு அங்கே நேரமில்லை. 1873-இல் ஊர் திரும்பிய பின்னும் வூஸ்டரிலிருந்தே மொழிபெயர்ப்பை நடத்தி, 1884-இல் அவர் மறைந்தார்.

இனித் திண்டிவனம். 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்த ஜான் ஸ்கடர் என்பவரின் வம்சத்தார், தொண்டைநாட்டிலும் நடுநாட்டிலும் ஆற்காட்டு மிஷன் என்ற பெயரால் பணிபுரிந்தார்கள். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், தாயார் நோயுற்றதனால் 1890-இல் திண்டிவனம் திரும்பினார். வைத்தியம் கற்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போது சிறிதும் இல்லை. 1890-களின் தொடக்கத்தில் ஓர் இரவு, பிராமணர் ஒருவர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தம் மனைவிக்கு உதவவேண்டும் என்று ஐடாவை அழைத்தார். எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் வைத்தியர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. அன்னிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கில்லை என்று அவர் போய்விட்டார். அதே இரவில் ஒரு முஸ்லிமும், அவருக்குப் பின் வேறொரு இந்துவும் அதே வேண்டுகோளோடு வந்து, அதே மறுமொழியோடு சென்றார்கள். விடிந்த பிறகு சாவுப் பறை கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

இந்நிகழ்ச்சியை, ஐடா பின்னாளில் நிறுவிய வேலூர் மருத்துவமனையின் பிறப்புக் கதையாகப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்டு உருகி, அதனோடு விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் வேறொன்று உறுத்துகின்றது. இடுப்புக்கூட்டின் அளவுகளையும் பிரசவத்தின் போக்கையும் தமிழில் எடுத்துச் சொல்ல 'பிரசவ வைத்தியம்' அச்சேறி அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சென்னை வைத்தியக் கல்லூரி மேரி ஷார்லீப் முதலான நான்கு பெண்களை 1875-இலேயே சேர்த்துக்கொண்டது; திரைமறைவில் வாழும் கோஷாப் பெண்களுக்கென்று தனி மருத்துவமனை 1885-இல் சென்னையில் ஏற்பட்டது. திண்டிவனம் காடல்ல, சென்னைக்கு ரயில் ஓடிய ஊர். வீட்டுக்குள் நோயாளி, தெருவில் மருத்துவர், அச்சில் சாஸ்திரம், எல்லாம் இருந்தும், அந்தச் சாஸ்திரத்தைக் கற்ற ஒரு பெண் கை மட்டும் அவ்வூரில் இல்லை. கிறீன் மானிப்பாயில் பயிற்றிய அறுபதுக்கு மேற்பட்ட மாணாக்கர்கள் அனைவரும் ஆண்கள். தமிழில் எழுதினால் கிராமத்தை எட்டலாம் என்று அவர் கணித்தது சரிதான். கிராமத்தின் திண்ணை வரைக்கும் எட்டிற்று. அதற்கு அப்பால் பிரசவ அறைக்குள் நுழைய மருத்துவச்சிக்கு மட்டுமே அனுமதி. அவளுக்கோ எழுத்தறிவிக்க எவரும் முற்படவில்லை. திண்டிவனத்துக்கே இக்கதியென்றால், கண்டாச்சிபுரத்தையும் முகையூரையும் போன்ற உள்நாட்டு ஊர்களைப் பற்றிக் கேட்பானேன்?

ஐடா கடல் கடந்து போய் வைத்தியம் கற்று, 1899-இல் நியூயார்க்கின் கார்னெல் வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பினார். 1902-இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை நாற்பது படுக்கைகளோடு எழுந்தது. தாம் ஒருவர் எத்தனை வீட்டுக்கு ஓட முடியும் என்ற கணக்கு அவருக்கு விரைவிலேயே தெளிந்தது. 1909-இல் தாதியர் பயிற்சி. 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான வைத்தியப் பள்ளி. சொந்தக் கட்டடமில்லை, போதிய உபாத்தியாயர் இல்லை. உடற்கூறு பாடத்தை ஐடாவே நடத்தினார். எலும்புகளைக் கையில் எடுத்து, இது இன்னது, இதில் ஒட்டும் தசை இன்னது என்று பெயர் சொல்லிப் பயின்ற அந்த யுவதிகள் எல்.எம்.பி. என்னும் வைத்தியத் தகுதிப் பரீட்சைக்குப் போனபோது, மாகாணத்து ஆண்களின் பள்ளிகளில் தேறியவர் சிறு பகுதியினரே. வேலூரிலிருந்து போன பதினான்கு பெண்களும் தேறினார்கள். 1922-இல் அவர்கள் படிப்பு முடித்து வெளியேறினார்கள். ஆண்களுக்கு அந்த நிலையத்தின் கதவு திறந்தது 1947-இல். நம் நாட்டு வைத்தியக் கல்லூரிகளின் சரித்திரத்தில் இப்படித் தலைகீழாக நடந்தது அபூர்வம்.

வேலூரில் பாடமொழி ஆங்கிலம். அதைக் குறையாகச் சொல்ல முடியாது. பரீட்சை ஆங்கிலத்தில், மாணவியர் தெலுங்கு, மலையாளம் பேசும் வீடுகளிலிருந்தும் வந்தவர்கள். மானிப்பாய்த் தமிழ் நூல்களோ படிப்போர் இன்றிப் பழம்பொருளாயின. 1930-களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொல் தொகுக்க அமர்ந்தபோதும், 1938 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்ப் போதனை பரவியபோதும், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சொல் தேடும் வேலையைப் பெரிதும் புதிதாகவே தொடங்கினார்கள். பள்ளிப் பாடத்துக்கு அவ்வேலை நன்றாகவே நிறைவேறிற்று என்பேன். பதினோராம் வகுப்பு உயிரியல் புத்தகத்தைப் புரட்டுகின்ற எவரும் ஒப்புவர்.

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கித் தமிழ்நாட்டில் 2020-இல் சட்டம் வந்த பின்னர், தமிழ்வழியில் உயிரியல் பயின்ற கிராமத்துப் பெண்கள் இத்தகைய கல்லூரிகளின் உடற்கூறு வகுப்புகளில் வந்து அமர்கிறார்கள். முதலாண்டில் அவர்கள் படும் பாடு சரீரத்தோடு அல்ல, மொழியோடுதான். அவர்களுக்கு ஆங்கிலப் பாடநூலோடு சேர்த்துப் படிக்கத் தக்க தமிழ் உடற்கூற்று நூல் ஒன்று, நடைமுறைச் சொற்களோடும் தெளிந்த படங்களோடும், வகுப்பறையிலேயே எழுதப்பட வேண்டும். கிறீன் செய்தது போல, மாணவர்களையே உடன் உட்கார வைத்துக்கொண்டு. எழுதப் புகுவோருக்குக் கைக்குதவியாக 'மனுஷ அங்காதிபாத'த்தின் பிரதியொன்றை அக்கல்லூரி நூலகம் வருவித்து வைக்குமானால், எந்தச் சொல் நூற்றைம்பது ஆண்டுகளாக நிற்கிறது, எது உதிர்ந்துபோயிற்று என்று அவர்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.