ஊதிய உச்சவரம்பு (காற்பந்து மேலாண்மை விளையாட்டுகள்)

காற்பந்து மேலாண்மை விளையாட்டுகளில் ஊதிய உச்சவரம்பு என்பது, ஓர் அணி தன் வீரர்களுக்கு வழங்கக்கூடிய மொத்த ஊதியத்தையோ, அணியில் சேர்க்கக்கூடிய வீரர்களின் மொத்த விலையையோ கட்டுப்படுத்தும் விதியாகும். பெரும்பாலும் இதனுடன் வீரர் எண்ணிக்கைக்கான வரம்பும் சேர்ந்தே வரும். இவ்விளையாட்டுகளில் ஆடுபவர் பந்தை உதைப்பதில்லை. பயிற்றுநராகவும் மேலாளராகவும் இருந்து வீரர்களைத் தெரிவு செய்கிறார், ஒப்பந்தம் செய்கிறார், களத்தில் நிறுத்துகிறார். வரம்பு இல்லாத இடத்தில் பணக்காரக் கழகத்தைத் தெரிவு செய்தவருக்கு வேலை எளிது. வரம்பு உள்ள இடத்தில் கேள்வியே மாறிவிடுகிறது. "இவர் எவ்வளவு நல்ல வீரர்?" என்பதை விட, "இவருக்குக் கொடுக்கும் தொகையால் வேறு எந்த இடம் பலவீனமாகும்?" என்பதே முக்கியமாகிறது.

வரலாறு

காற்பந்து மேலாண்மையைக் கணினி விளையாட்டாகப் பரவலாக்கியது பிரித்தானியரான கெவின் டாம்ஸ் உருவாக்கி 1982-இல் வெளிவந்த புட்பால் மேனேஜர் ஆகும். 1992-இல் பால் கொல்லியர், ஆலிவர் கொல்லியர் என்னும் சகோதரர்களின் சாம்பியன்ஷிப் மேனேஜர் வெளியானது. அவர்களது ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் பின்னர் வெளியீட்டாளரான ஈடோசிடமிருந்து பிரிந்து, 2004-இல் சேகா நிறுவனத்தின் வழியாக புட்பால் மேனேஜர் 2005 என்ற பெயரில் புதிய தொடரைத் தொடங்கியது. வட அமெரிக்காவில் இதே விளையாட்டு வேர்ல்டுவைடு சாக்கர் மேனேஜர் என்று விற்கப்பட்டது.

இத்தொடரில் ஐரோப்பிய லீக்குகளில் ஆடுபவரைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் கழகத்தின் சொந்த வருவாயே. எண்ணிக்கை வரம்புகளும் உண்டு. எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 2010-11 பருவம் முதல் 25 பேர் கொண்ட பட்டியலைப் பதிவு செய்ய வேண்டும். அதில் 17 பேருக்கு மேல் உள்நாட்டில் பயிற்சி பெறாதவர்கள் இருக்கக்கூடாது. 21 வயதுக்குட்பட்டோர் இப்பட்டியலில் சேர மாட்டார்கள். ஆனால் உண்மையான ஊதிய உச்சவரம்பை எதிர்கொள்ள விரும்புபவர்கள் அமெரிக்காவுக்கோ ஆசுத்திரேலியாவுக்கோ செல்ல வேண்டும். இவற்றுள் அமெரிக்க, கனேடியக் கழகங்கள் ஆடும் மேஜர் லீக் சாக்கரின் விதிகளே மிகச் சிக்கலானவை. புட்பால் மேனேஜர் ஆடுபவர்களில் பலர் அந்த லீக்கைத் தவிர்ப்பதற்கும், வேறு சிலர் அதை மட்டுமே ஆடுவதற்கும் இதுவே காரணம்.

மேஜர் லீக் சாக்கரின் விதிகள்

1996-இல் முதற்பருவத்தை ஆடிய இந்த லீக், ஒரே நிறுவனமாக அமைக்கப்பட்டது. வீரர்கள் கழகத்துடன் அல்லாமல் லீக்குடனேயே ஒப்பந்தம் செய்கிறார்கள். இந்த அமைப்பு போட்டியைத் தடுக்கிறது என்று வீரர்கள் தொடுத்த வழக்கில் 2000-இல் நடுவர் குழுவும், 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் லீக்கின் பக்கமே தீர்ப்பளித்தன. 1980-களில் சரிந்த வட அமெரிக்கக் காற்பந்து லீக்கைப் போலச் செலவினால் அழிந்துவிடக்கூடாது என்ற அச்சமே இக்கட்டுப்பாடுகளின் பின்னணி.

ஓர் அணியில் 30 வீரர்கள் வரை இருக்கலாம். முதல் 20 இடங்கள் முதுநிலைப் பட்டியல் எனப்படும். இவர்களின் ஊதியமே உச்சவரம்பில் சேரும். 21 முதல் 30 வரையான இடங்கள் கணக்கில் வாரா. இவ்விடங்கள் குறைந்த ஊதியம் பெறும் இளையோருக்கும், கழகத்தின் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்களுக்கும் உரியவை. வெளிநாட்டு வீரர்களுக்கெனத் தனி இடங்கள் உண்டு. இவ்விடங்களையே ஒரு கழகம் மற்றொரு கழகத்துக்கு விற்கலாம் என்பது ஐரோப்பிய லீக்குகளில் பழகியவர்களுக்கு வியப்பாக இருக்கும். வெளிநாட்டு வீரர் ஒருவர் அமெரிக்காவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றுவிட்டால், அமெரிக்கக் கழகத்தில் அவர் உள்நாட்டு வீரராகக் கருதப்படுவார். ஓர் இடம் விடுபடும்.

உச்சவரம்பைத் தாண்டுவதற்கு லீக்கே சில வாயில்களைத் திறந்து வைத்துள்ளது. முதலாவது 2007-இல் கொண்டுவரப்பட்ட நியமிக்கப்பட்ட வீரர் விதி. டேவிட் பெக்காமின் வருகையை ஒட்டி அமைந்ததால் இது பெக்காம் விதி என்றே அறியப்படுகிறது. இவ்விதியின்படி ஒரு வீரருக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் உச்சவரம்பில் ஒரு குறிப்பிட்ட தொகை மட்டுமே கழிக்கப்படும். தொடக்கத்தில் கழகத்துக்கு ஒருவர் என்றிருந்தது பின்னர் மூவராக உயர்ந்தது. இரண்டாவது ஒதுக்கீட்டுப் பணம். இது உண்மையான பணமாகக் கைமாறுவதில்லை. ஒரு வீரரின் கணக்குத் தொகையைக் குறைக்க உதவும் ஒருவகைச் சலுகைச் சீட்டு எனலாம். 2015-இல் இதன் இரண்டாம் வகை அறிமுகமானது. 2021-இல் 22 வயதுக்குட்பட்டோருக்கான தனித் திட்டம் வந்தது. 2024 நடுப்பகுதி முதல் கழகங்கள் இரு வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்யலாம்: மூன்று நியமிக்கப்பட்ட வீரர்களும் மூன்று இளையோரும், அல்லது இரண்டு நியமிக்கப்பட்ட வீரர்களும் நான்கு இளையோரும், கூடவே 20 இலட்சம் டாலர் வரை கூடுதல் ஒதுக்கீட்டுப் பணமும்.

ஓர் அணியின் கணக்கு

2025 பருவத்தில் உச்சவரம்பு 59.5 இலட்சம் அமெரிக்க டாலர். ஒரு வீரருக்குக் கழிக்கப்படும் அதிகபட்சத் தொகை இதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 7,43,750 டாலர். மூன்று நியமிக்கப்பட்ட வீரர்களை முழுத் தொகையில் வைத்துக்கொண்டால் 22,31,250 டாலர் போய்விடும். மீதியுள்ள 37,18,750 டாலரை எஞ்சிய 17 பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்குச் சராசரியாக 2,18,750 டாலர் கிடைக்கும். நட்சத்திரங்களே இல்லாமல் 20 பேருக்கும் சமமாகப் பகிர்ந்தால் இது 2,97,500 டாலர். எனவே மூன்று நட்சத்திரங்களுக்காக மற்ற ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழ 79,000 டாலர் தரம் இழக்கப்படுகிறது. ஒதுக்கீட்டுப் பணம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும், நீக்கிவிடாது.

நியமிக்கப்பட்ட வீரர் இளையவராக இருந்தால் கணக்கு மாறும். 20 வயது வரையுள்ளவருக்கு 1,50,000 டாலரும், 21 முதல் 23 வயது வரையுள்ளவருக்கு 2,00,000 டாலரும் மட்டுமே கழிக்கப்படும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் மூன்று இடங்களில் ஒன்றையாவது இளைஞருக்கு விடுவதன் காரணம் இதுவே. அவரைப் பின்னர் ஐரோப்பாவுக்கு விற்பது அடுத்த நன்மை.

புதிதாக ஆடுபவர் செய்யும் பிழை பெரும்பாலும் ஊதியத்தை மட்டும் பார்ப்பது. சாதாரண முதுநிலை வீரரின் கணக்கில், அவரை வாங்கக் கொடுத்த மாற்றுக் கட்டணம் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துச் சேர்க்கப்படும். ஆகவே 4 இலட்சம் டாலர் ஊதியமுள்ள ஒருவரை 12 இலட்சம் டாலர் கொடுத்து மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், அவரது கணக்கு ஆண்டுக்கு 8 இலட்சம் டாலராகிவிடும். அதிகபட்ச வரம்பைத் தாண்டும். ஒப்பந்தம் முடிந்து கட்டணமின்றி வரும் முப்பது வயதைக் கடந்த வீரர்கள் இந்த லீக்கில் இவ்வளவு விரும்பப்படுவது வயதானவர்கள் மீதுள்ள பரிவினால் அன்று.

லாஸ் ஏஞ்சலஸ் காலக்சி, 2007-2009

இக்கணக்கு களத்தில் எப்படி முடியும் என்பதற்கு மெய்யுலகிலேயே தெளிவான சான்று உள்ளது. 2007-இல் உச்சவரம்பு சுமார் 21 இலட்சம் டாலர். முதுநிலை வீரர்கள் 18 பேர். பெக்காமின் பெயரில் 4 இலட்சம் கழிந்தது. எஞ்சிய 17 பேருக்குச் சராசரி ஓர் இலட்சம் டாலரே. அதிலும் லாண்டன் டொனோவன் போன்ற உயர் ஊதிய வீரர் ஒருவர் அணியில் இருந்ததால், மற்றவர்களுக்கு எஞ்சியது இன்னும் குறைவு.

2008 பருவத்தில் காலக்சி 30 ஆட்டங்களில் 55 கோல்கள் அடித்தது. லீக்கில் அதுவே மிக அதிகம். டொனோவன் மட்டும் 20 கோல்கள் அடித்தார். அதே அணி 62 கோல்களை விட்டுக்கொடுத்தது. அதுவும் லீக்கில் மிக அதிகம். 14 அணிகள் கொண்ட பட்டியலின் அடிப்பகுதியில் முடித்து, கோப்பைச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. பயிற்றுநர் ரூட் குல்லித் ஆகத்து மாதத்தில் விலகினார்.

அவருக்குப் பின் வந்த புரூஸ் அரீனா நட்சத்திரங்களைத் தேடவில்லை. 2009-இல் பல்கலைக்கழக வீரர் தெரிவின் வழியாக, மேரிலாந்துப் பல்கலைக்கழக அணியில் ஒன்றாக ஆடிய ஓமர் கொன்சாலசு, ஏ. ஜே. டெலகார்சா ஆகிய இரு பின்கள வீரர்களை எடுத்தார். யமேக்காவின் கோல் காப்பாளர் டொனோவன் ரிக்கெட்சும், ஐரோப்பாவிலிருந்து திரும்பிய மூத்த பின்கள வீரர் கிரெக் பெர்கால்டரும் சேர்ந்தனர். அப்பருவத்தில் காலக்சி அடித்த கோல்கள் 36 மட்டுமே. விட்டுக்கொடுத்தவை 31, அதாவது முந்தைய ஆண்டில் சரிபாதி. அணி இறுதி ஆட்டம் வரை சென்று, ரியல் சால்ட் லேக்கிடம் தண்டனை உதைகளில் தோற்றது. பின்னர் 2011, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் அரீனாவின் கீழ்க் கோப்பையை வென்றது.

புட்பால் மேனேஜரில் அமெரிக்கக் கழகத்தை எடுப்பவர்கள் இந்த 2008 அணியைத் தம்மையறியாமலே மீண்டும் மீண்டும் கட்டுகிறார்கள். முன்களத்துக்கு மூன்று நட்சத்திரங்கள், பின்களத்துக்கு மிஞ்சியது. முன்களத்தில் செலவிடுவது தவறன்று. உலகச் சந்தையில் தரவேறுபாடு அங்கேதான் மிகுதி. ஆனால் பின்களத்தில் ஒரு நட்சத்திரம் செய்யும் நன்மையை விட ஒரு பலவீனமானவர் செய்யும் தீங்கு பெரிது. அங்கே தேவைப்படுவது நான்கு நடுத்தர வீரர்கள்.

கற்பனை அணி விளையாட்டுகள்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2002-03 பருவத்தில் தொடங்கிய இணையவழிக் கற்பனை அணி விளையாட்டு, அண்மைப் பருவங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரால் ஆடப்படுகிறது. இங்கு ஊதியத்துக்குப் பதிலாக விலை உண்டு. ஆடுபவர் 100 மில்லியன் (10 கோடி) கற்பனைப் பவுண்டில் இரண்டு கோல் காப்பாளர்கள், ஐந்து பின்கள வீரர்கள், ஐந்து நடுக்கள வீரர்கள், மூன்று முன்கள வீரர்கள் என 15 பேரை வாங்க வேண்டும். ஒரே கழகத்திலிருந்து மூவருக்கு மேல் கூடாது. அவ்வீரர்கள் மெய்யான ஆட்டங்களில் செய்வதற்கேற்பப் புள்ளிகள் கிடைக்கும்.

100 மில்லியனை 15-ஆல் வகுத்தால் 6.67 வருகிறது. இந்தச் சராசரி பொருளற்றது. மிக மலிவான கோல் காப்பாளரும் பின்கள வீரரும் வழக்கமாக 4.0 மில்லியன், நடுக்கள, முன்கள வீரர்கள் 4.5 மில்லியன். மலிவானவர்களை மட்டுமே கொண்டு 15 இடங்களையும் நிரப்பினாலும் 64 மில்லியன் ஆகிவிடும். ஆகவே ஆடுபவர் உண்மையில் முடிவு செய்வது மீதமுள்ள 36 மில்லியனைப் பற்றி மட்டுமே.

எர்லிங் ஆலண்டு 2022-23 பருவத் தொடக்கத்தில் 11.5 மில்லியனுக்குக் கிடைத்தார். மலிவான முன்கள வீரருக்கு மேல் அவருக்கான கூடுதல் விலை 7.0, அந்த 36-இல் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர் 36 கோல்கள் அடித்து லீக்கின் சாதனையை முறியடித்து, விளையாட்டில் 272 புள்ளிகள் பெற்றுத் தந்தார். அடுத்த பருவத்தில் விலை 14.0, அதற்கடுத்த 2024-25-இல் 15.0. கடைசிக் கணக்கில் கூடுதல் விலை 10.5, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. வீரர் அதே வீரர்தான். அவரை வைத்துக்கொள்வது சரியா என்னும் விடை மட்டும் ஆண்டுதோறும் மாறியது. அணித்தலைவராக நியமிக்கப்படுபவரின் புள்ளி இரட்டிப்பாவதால், மிக விலையுயர்ந்த ஒருவரை மட்டும் வைத்திருப்பது பெரும்பாலும் நியாயமாகிறது. மூவரை வைத்திருப்பவருக்கு அந்த நியாயம் இல்லை, தலைவர் ஒருவரே.

15 பேரில் 11 பேருக்கே வாரந்தோறும் புள்ளி கிடைக்கும். ஆகவே மாற்று இருக்கையில் அமரும் நால்வரை மிக மலிவாக வைப்பது பரவலான உத்தி. காயங்களும் ஒத்திவைப்புகளும் மிகும் திசம்பர், சனவரி மாதங்களில் இவ்வுத்தி பலரைக் கைவிடுகிறது.

விளையாட்டும் மெய்யுலகும்

கணினி விளையாட்டில் உச்சவரம்பை மீற முடியாது; மென்பொருள் ஒப்பந்தத்தை ஏற்காது. மெய்யுலகில் மீற முடிந்திருக்கிறது. உலகக்கோப்பை வென்ற பிரெஞ்சு வீரர் பிளேசு மத்துய்தி 2020-இல் இன்டர் மயாமி கழகத்தில் ஒதுக்கீட்டுப் பணத்தின் கீழ் வரும் வீரராகக் கணக்கிடப்பட்டிருந்தார். அவருக்கு வழங்கப்பட்ட தொகையின்படி அவர் நியமிக்கப்பட்ட வீரராகவே இருந்திருக்க வேண்டும் என்று லீக் 2021-இல் முடிவு செய்தது. கழகத்துக்கு 20 இலட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதோடு அடுத்த இரு பருவங்களுக்கான ஒதுக்கீட்டுப் பணத்தில் 22,71,250 டாலர் குறைக்கப்பட்டது. ஒதுக்கீட்டுப் பணமே அணியைக் கட்டும் கருவி என்பதால், களத்தில் இந்த இரண்டாம் தண்டனையே கடுமையானது.

விளையாட்டில் தென்படாத மற்றொன்று, பட்டியலின் கடைசி இடங்களில் இருப்பவர்களின் வாழ்க்கை. ஆடுபவருக்கு 24-ஆம் இடம் என்பது நிரப்பப்பட வேண்டிய ஒரு வரி மட்டுமே. பெக்காமுக்கு ஆண்டுக்கு 65 இலட்சம் டாலர் உறுதியளிக்கப்பட்ட 2007-இல், லீக்கின் வளர்நிலை வீரர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் 12,900 டாலர். ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. உச்சவரம்பு எளியவர்களைக் காக்கிறது என்ற வாதத்தை வீரர் சங்கம் ஏற்றதில்லை. நட்சத்திரங்களுக்கு வரம்பு தளர்ந்த அளவுக்கு அடிமட்டத்தில் தளரவில்லை என்பதே அதன் நீண்டநாள் குறை. குறைந்தபட்ச ஊதியம் அடுத்தடுத்த கூட்டு ஒப்பந்தங்களின் வழியாகவே உயர்ந்தது. 2025-இல் அது முதுநிலை வீரருக்கு 1,04,000 டாலராகவும், கடைசி இடங்களில் உள்ளவர்களுக்கு 80,622 டாலராகவும் இருந்தது.