மலிவு விலை பிஸ்டல்கள்: நம்பகமும் தரமும்

மலிவு விலை அரைத் தானியங்கி பிஸ்டல்கள் என்பவை, பெயர்பெற்ற நிறுவனங்களின் பிஸ்டல்களைவிட மிகக் குறைந்த விலைக்கு, பெரும்பாலும் பாதி விலைக்கும் கீழே விற்கப்படும் கைத்துப்பாக்கிகள். இவற்றுக்கு மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. இவற்றின் தரம் பற்றிய விவாதமும் 1960-களின் இறுதியிலிருந்து அந்நாட்டின் சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் சோதனைக்கூடங்களிலும் நடந்துவருகிறது. விவாதத்தின் அடியில் இருப்பவை இரண்டு கேள்விகள். சுட வேண்டிய நேரத்தில் சுடுமா? சுடக் கூடாத நேரத்தில் சுடாமல் இருக்குமா? முதலாவது நம்பகம், இரண்டாவது பாதுகாப்பு. இந்த இரண்டையும் விலைச்சீட்டு சொல்லாது. எதைக் குறைத்து விலையைக் குறைத்தார்கள் என்பது ஓரளவு சொல்லும். உறுதியாகச் சொல்வது சோதனை மட்டுமே.

இயங்கும் விதம்

அரைத் தானியங்கி பிஸ்டலில் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும். அடுத்த தோட்டா தானாகவே, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பரில் ஏறிக்கொள்ளும். வெடிப்பின் உந்துதலில் பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடு பின்னே ஓடுகிறது. எக்ஸ்ட்ராக்டர் என்னும் கொக்கி காலி உறையைச் சேம்பரிலிருந்து இழுக்கிறது. எஜெக்டர் அதைத் தட்டி வெளியே தள்ளுகிறது. ஸ்பிரிங் ஸ்லைடை மறுபடி முன்னே தள்ளும்போது தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினின் மேலே நிற்கும் தோட்டா சேம்பருக்குள் போகிறது. கண் இமைப்பதற்குள் முடியும் இந்தச் சுற்றில் ஒரு கட்டம் பிசகினாலும் துப்பாக்கி ‘ஜாம்’ ஆகிவிடும்.

பிஸ்டல்களின் அமைப்பு பெரும்பாலும் இரண்டு வகை. ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் 1911 போன்றவற்றில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சிறிது தூரம் சேர்ந்தே பின்னே போகும். அழுத்தம் தணிந்த பிறகே பிரியும். இதற்குத் துல்லியமான கடைசல் வேலை வேண்டும். ‘ப்ளோபேக்’ எனப்படும் மற்ற வகையில் குழல் அசையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மட்டுமே வெடிப்பை எதிர்த்து நிற்கும். இதைச் செய்வது எளிது, செலவும் குறைவு. அதனால் மலிவு பிஸ்டல்கள் பலவும் ப்ளோபேக் வகையாகவே இருந்தன.

.25, .32 போன்ற சிறிய தோட்டாக்களுக்கு இந்த அமைப்பு போதுமானது. 9 மி.மீ. தோட்டாவுக்கு ஸ்லைடு மிகக் கனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தயாராகும் ஹை-பாயின்ட் சி-9 இதற்குத் தெளிவான உதாரணம். சுமார் 600 கிராம் எடையுள்ள கிளாக் 19 சுடும் அதே தோட்டாவைச் சுட, இதற்கு 800 கிராமுக்கு மேல் எடை தேவைப்படுகிறது.

1968 சட்டமும் தென் கலிபோர்னிய ஆலைகளும்

அமெரிக்காவில் 1968-இல் நிறைவேறிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், விளையாட்டுப் பயன்பாட்டுக்குத் தகுதியற்ற துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. பிஸ்டல்களுக்கு மதிப்பெண் முறை வந்தது. கையால் இயக்கும் சேஃப்டி என்னும் பாதுகாப்புப் பூட்டு இருக்க வேண்டும். நீளமும் உயரமும் சேர்ந்து குறைந்தது 10 அங்குலம் வர வேண்டும். அளவு, எடை, உலோகம், பாதுகாப்பு அம்சங்கள் ஆகியவற்றுக்குச் சேர்த்து 75 புள்ளிகள் பெற வேண்டும். ஜெர்மனியின் வால்தர் பி.பி.கே. போன்ற தரமான பிஸ்டலே இந்த முறையில் தேறாமல் தடைபட்டது. பெரிய சட்டகம் பொருத்திய பி.பி.கே./எஸ். என்ற மாற்று வடிவம் அதனால் பிறந்தது.

இந்த அளவுகோல்கள் இறக்குமதிக்கு மட்டுமே பொருந்தின. உள்நாட்டு உற்பத்தியை அவை தொடவில்லை. வெளிநாட்டு மலிவுத் துப்பாக்கிகள் நின்றதால் ஏற்பட்ட வெற்றிடத்தை லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றியிருந்த ஆலைகள் நிரப்பின. ஜார்ஜ் ஜென்னிங்ஸ் 1970-இல் தொடங்கிய ரேவன் ஆர்ம்ஸ், எம்.பி.-25 என்ற .25 காலிபர் பிஸ்டலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவருடைய மகன், மருமகன், குடும்ப நண்பர்கள் எனக் கிளைத்து ஜென்னிங்ஸ், பிரைகோ, டேவிஸ், லார்சின் ஆகிய நிறுவனங்கள் எழுந்தன. 1993-இல் லார்சின் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிஸ்டல்களைத் தயாரித்தது. அவசர சிகிச்சை மருத்துவரும் ஆய்வாளருமான கேரன் வின்டமியூட் 1994-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த ஆலைகளை ‘நெருப்பு வளையம்’ என்று குறிப்பிட்டார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

உலோகம்

இந்த ஆலைகள் விலையைக் குறைத்த முதல் இடம் உலோகம். எஃகைக் கடைந்து எடுப்பதற்குப் பதிலாக, ‘ஸமாக்’ என்னும் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றினார்கள். இதில் சுமார் 4 சதவீதம் அலுமினியம், சிறிதளவு செம்பு, மெக்னீசியம் ஆகியவை கலந்திருக்கும். 380 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டினாலே உருகிவிடும். அச்சிலிருந்து எடுத்தபின் கடைசல் வேலை மிகக் குறைவு. ஆனால் எஃகின் வலிமை இதற்குக் கிடையாது. அதை ஈடுகட்டப் பாகத்தைத் தடிமனாக்க வேண்டும். அப்படியும் உராயும் இடங்கள் விரைவில் தேயும்; வார்ப்பில் நுண்துளைகள் இருந்தால் விரிசல் விடும்.

இல்லினாய், தென் கரோலினா மாநிலங்கள் சுமார் 427 டிகிரிக்குக் கீழே உருகும் வார்ப்பு உலோகத்தாலான கைத்துப்பாக்கிகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தின. மினசோட்டா இந்த எல்லையை 538 டிகிரியாக வைத்தது. சட்டத்தில் எழுத எளிய அளவுகோல் என்றாலும் இது உலோகத்தை அளக்கிறதே தவிர, துப்பாக்கியின் செயல்பாட்டை அளக்கவில்லை. எஃகால் செய்த பிஸ்டலும் மோசமான மேகசினால் ஜாம் ஆகும். கீழே விழுந்தால் வெடிக்கவும் கூடும்.

வழக்கமான கோளாறுகள்

மலிவு பிஸ்டல்களில் அடிக்கடி பழுதாவது குழலோ விசையோ அல்ல, மேகசின். தகட்டை மடித்துச் செய்யும் அதன் வாய் விளிம்புகள் சற்று அகன்றிருந்தால் தோட்டா முன்னதாகவே நழுவும். குறுகியிருந்தால் நிமிராமல் முட்டி நிற்கும். ஒரே பிஸ்டலில் ஒரு மேகசின் பிசிறின்றி ஊட்டுவதும் மற்றொன்று அடிக்கடி சிக்குவதும் இதனால்தான். எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் முனை மழுங்கினால் காலி உறை சேம்பரிலேயே தங்கும். எஜெக்டரின் தட்டு வலுக்குறைந்தால் வெளியேற வேண்டிய உறை ஸ்லைடின் இடுக்கில் செங்குத்தாக நிற்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு முழுதாக மூடாது.

எல்லாப் பழியும் துப்பாக்கிக்குச் சேராது. மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் ஸ்லைடு முழுத் தூரம் பின்னே போகாமல் இடையில் நின்றுவிடும். எண்ணெய் காய்ந்துபோனாலும், சேம்பரில் அழுக்கு சேர்ந்தாலும், முனை தட்டையான தோட்டா சேம்பருக்குப் போகும் சாய்தளத்தில் வழுக்கி ஏறாவிட்டாலும் துப்பாக்கி ஜாம் ஆகும். ஆகவே கோளாறு துப்பாக்கியுடையதா, மேகசினுடையதா, தோட்டாவுடையதா, சுடுபவருடையதா என்று பிரித்துக் காண்பது மதிப்பீட்டின் முதல் வேலை.

பாகங்களைக் குறைப்பதும் சிக்கனம்தான், ஆனால் எல்லாச் சிக்கனமும் ஒன்றல்ல. ஹை-பாயின்டில், தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஊசியான ஃபயரிங் பின்னே எஜெக்டர் வேலையையும் செய்கிறது. சோவியத் படை 1951-இல் ஏற்ற மக்காரொவ் பிஸ்டலில் சுத்தியலை இயக்கும் தட்டை ஸ்பிரிங்கின் கீழ்முனையே மேகசினைப் பிடித்து நிறுத்தும் கொக்கியாகவும் இருக்கிறது. மக்காரொவ் எளிய ப்ளோபேக் பிஸ்டல்; ஆனால் எஃகால் ஆனது, ராணுவச் சோதனைகளில் தேறியது. பனிப்போர் முடிந்தபின் உபரியாக அமெரிக்காவுக்கு வந்தபோது மலிவாகவே விற்றது. நம்பகமான பிஸ்டல் என்ற பெயரையும் காப்பாற்றிக்கொண்டது.

சோதனை முறைகள்

கலிபோர்னியா 1999-இல் நிறைவேற்றி 2001 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய பாதுகாப்பற்ற கைத்துப்பாக்கிச் சட்டம், விலையையும் உலோகத்தையும் விட்டுவிட்டுச் செயல்பாட்டை அளந்தது. ஒரு மாடலில் மூன்று பிஸ்டல்கள் சோதிக்கப்படும். ஒவ்வொன்றும் 600 தோட்டாக்கள் சுட வேண்டும். முதல் 20-இல் துப்பாக்கியின் கோளாறால் ஒரு தடையும் வரக் கூடாது. மொத்தத்தில் ஆறு தடைகளுக்கு மேல் கூடாது. ஆபத்தை உண்டாக்கும் விரிசலோ உடைவோ எந்த இயங்கு பாகத்திலும் வரக் கூடாது. 50 தோட்டாவுக்கு ஒருமுறை சற்று ஆறவிட அனுமதி உண்டு. பிறகு வீழ்ச்சிச் சோதனை. பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மட்டும் உள்ள உறையைச் சேம்பரில் இட்டு, 1 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து கான்கிரீட் தளத்தில் ஆறு நிலைகளில் பிஸ்டலைப் போடுவார்கள். ஒருமுறைகூட பிரைமர் வெடிக்கக் கூடாது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் தாங்களாக வகுத்துக்கொண்ட தரத்தில் உயரம் 4 அடி. ஆனால் விழுவது 1 அங்குல ரப்பர் விரிப்பின் மேல்.

600-க்கு ஆறு தடை என்றால் நூற்றுக்கு ஒன்று. தற்காப்புக்காக வாங்குபவருக்கு இது தாராளமான அளவுதான். எனினும் ஒரு பிஸ்டலை மோசமானது என்று ஒதுக்க அரசு வகுத்த தெளிவான எல்லைகளில் இது முக்கியமானது.

எத்தனை தோட்டா போதும்?

வாங்கியவுடன் 200 தோட்டாக்களைத் தடையின்றிச் சுட்டால் பிஸ்டலை நம்பலாம் என்ற கருத்து பரவலாக உண்டு. புள்ளியியல் இதை ஓரளவுக்கே ஆதரிக்கிறது. n முறை சோதித்தும் ஒரு பிழைகூட வரவில்லை என்றால், உண்மையான பிழை விகிதம் 3/n-க்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியுடன் சொல்லலாம். இதன்படி 200 தோட்டாக்கள் தடையின்றிப் போனாலும் 67-க்கு ஒரு தடை இருக்க வாய்ப்பு மிஞ்சுகிறது. 600 என்றால் 200-க்கு ஒன்று. 1,000-க்கு ஒரு தடைதான் என்று காட்ட, 3,000 தோட்டாக்கள் பிசகின்றிப் போக வேண்டும். மலிவு பிஸ்டல் என்றால் அந்தத் தோட்டாச் செலவே அதன் விலையைத் தாண்டிவிடும்.

எனவே ஒரு பிஸ்டலை வைத்திருக்கும் ஒருவரின் அனுபவம் அந்த மாடலைப் பற்றிய தீர்ப்பாகாது. வார்ப்புக்கு வார்ப்பு தரம் மாறும் தயாரிப்பில் இது இன்னும் பொருந்தும். ஒரு துப்பாக்கி ஆயிரம் தோட்டாக்களைத் தாங்கலாம், அதே பெட்டியில் வந்த அடுத்தது தாங்காமல் போகலாம். சீர்மை இல்லாமையே மலிவுத் தயாரிப்பின் பெரிய குறை.

பிரைகோ வழக்கு

ஜாம் ஆவதும் விபத்தும் தனித்தனி விஷயங்கள் அல்ல என்பதைக் காட்டிய வழக்கு இது. 1994-இல் வடக்கு கலிபோர்னியாவில், பிரைகோ மாடல் 38 பிஸ்டலிலிருந்து தோட்டாவை வெளியே எடுக்க முயன்றபோது அது வெடித்தது. குண்டு பாய்ந்து ஏழு வயதுச் சிறுவனுக்குக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அந்த பிஸ்டலில் சேஃப்டி போட்டிருந்தால் ஸ்லைடை இழுக்க முடியாது. அதாவது தோட்டாவை அகற்ற வேண்டுமென்றால் முதலில் சேஃப்டியை எடுத்தாக வேண்டும். சேஃப்டி போட்ட நிலையில் பிஸ்டல் ஜாம் ஆகும் குறையை மறைக்கவே இப்படி மாற்றியமைத்தார்கள் என்று சிறுவன் தரப்பு வாதிட்டது. 2003-இல் ஜூரி சுமார் 2 கோடியே 40 லட்சம் டாலர் இழப்பீட்டுப் பொறுப்பை நிறுவனத்தின் மீதும் அதைச் சார்ந்தோர் மீதும் சுமத்தியது. நிறுவனம் உடனே திவால் மனு தந்தது. ஏலத்தில் அதன் சொத்துகளை முன்னாள் ஆலை மேற்பார்வையாளரே வாங்கி, ஹிமெனெஸ் ஆர்ம்ஸ் என்ற பெயரில் உற்பத்தியைத் தொடர்ந்தார். அந்த நிறுவனமும் 2020-இல் திவாலானது.

தரக்குறைவான துப்பாக்கியைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட அமெரிக்க மத்திய அரசில் எந்த அமைப்புக்கும் அதிகாரம் இல்லை. 1972-இன் நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கிகளைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. திரும்பப் பெறுதல் நிறுவனத்தின் விருப்பத்தால் நடக்கும், அல்லது வழக்கால் நடக்கும். பிரேசிலின் டாரஸ் நிறுவனம் ஒன்பது மாடல்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10 லட்சம் பிஸ்டல்கள் தொடர்பாகச் சமரசத்துக்கு வந்தது, கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற வழக்குக்குப் பிறகே.

விலை உயர்ந்தவற்றின் பிழைகள்

அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்த மாடலின் அடிப்படையான சிக் சாவர் பி320, அதே ஆண்டு ஆகஸ்டில் பெரிய சிக்கலில் மாட்டியது. பொதுச் சந்தையில் விற்ற பிஸ்டல்கள் பின்பக்கம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தரையில் மோதினால் வெடிப்பது தெரியவந்தது. வழக்கமான தரச் சோதனைகள் அந்தக் கோணத்தைத் தொட்டிருக்கவில்லை. நிறுவனம் விசை அமைப்பை மாற்றித்தரும் திட்டத்தை அறிவித்தது. ‘நெருப்பு வளைய’ பிஸ்டல்களைவிடப் பல மடங்கு விலை கொண்ட துப்பாக்கி அது.

இன்றைய நிலை

1990-களின் இறுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் ‘நெருப்பு வளைய’ நிறுவனங்கள் பெரும்பாலும் மூடப்பட்டன. மலிவுக்கு வேறு வழிகள் பிறந்தன. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற கிளாக் 17, பாலிமர் சட்டகம் உறுதியானது என்று நிரூபித்தது; அச்சில் வார்க்கும் பாலிமர் செலவையும் குறைத்தது. கணினி வழிக் கடைசல் இயந்திரங்கள் துல்லியத்தைப் பரவலாக்கின. துருக்கியின் கானிக், திஸாஸ், பிலிப்பைன்ஸின் ஆர்ம்ஸ்கோர் ஆகியவை எஃகுக் குழலும் எஃகு ஸ்லைடும் கொண்ட பிஸ்டல்களைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. இங்கே விலை குறைவதற்குக் காரணம் குறைந்த உற்பத்திச் செலவு, உலோகத்தில் கைவைக்கவில்லை. ஸமாக்கை விடாத ஹை-பாயின்ட், பாகங்களைத் தடிமனாக்கியும் வாழ்நாள் உத்தரவாதம் தந்தும் சந்தையில் நிற்கிறது.

மதிப்பீடு

ஒரு மலிவு பிஸ்டலை எடைபோடப் பார்க்க வேண்டியவை: இயங்கு பாகங்களின் உலோகம், சேஃப்டி போட்ட நிலையிலேயே தோட்டாவை அகற்ற முடிகிறதா என்பது, ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு, தரமான மேகசினும் உதிரி பாகங்களும் கிடைப்பது, வரிசை எண் ஏதேனும் திரும்பப் பெறும் அறிவிப்பில் உள்ளதா என்பது, பல துப்பாக்கிகளில் பல நூறு தோட்டாக்கள் சுட்டு எடுத்த சோதனை முடிவுகள். இவற்றில் பாதுகாப்பே முதலிடம் பெறும். ஜாம் ஆகும் துப்பாக்கியைச் சரிசெய்யலாம், மாற்றலாம். கை நழுவி விழுந்தாலே வெடிக்கும் துப்பாக்கி எவ்வளவு மலிவாக இருந்தாலும், எவ்வளவு துல்லியமாகச் சுட்டாலும் தரமானதாகாது.