திருகோணமலையும் கண்டி மலைப்போரும்: 1803–1804

திருகோணமலையின் போர்க்கதை என்றாலே கப்பற்படைகள்தான் முன்னால் வந்து நிற்கும். 1782ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடுத்தடுத்து இத்துறைமுகத்தைக் கைப்பற்றியதைப் பல நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. இதே துறைமுகத்திலிருந்து கண்டி மலைநாட்டுக்கு நடந்து சென்று மாண்ட காலாட்படையினரைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

புத்தளம் வணிகர்களின் பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்தது, கண்டி மீதான ஆங்கிலேயரின் போருக்குச் சாட்டாக அமைந்தது. 1803 தொடக்கத்தில் ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த் இரண்டு படைகளை அனுப்பினார். ஒன்று ஜெனரல் மக்டோவல் தலைமையில் கொழும்பிலிருந்து சென்றது. மற்றது கர்னல் பார்பட் தலைமையில் பெப்ரவரியில் திருகோணமலையிலிருந்து கிளம்பியது. அதில் 19ஆம் படைப்பிரிவின் ஆங்கிலச் சிப்பாய்கள், மலாய்ப் படையினர், பீரங்கியோடு செல்லும் லஸ்கர்கள், சுமை தூக்கும் கூலியாட்கள் எனப் பலவகையினர் இருந்தனர். கந்தளாய்க் காட்டைக் கடந்து மாத்தளை மலைகளில் ஏறி, இரண்டு வாரத்துக்கு மேல் நடந்தே அவர்கள் கண்டியை அடைந்தனர். அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அதற்குள் நகரைக் காலிசெய்து மலைக்குள் போய்விட்டான்.

வெறும் நகரைப் பிடித்தவர்களை மலை பிடித்துக்கொண்டது. கண்டிப் படையினர் நேருக்கு நேர் நிற்கவில்லை. ஒற்றையடிப் பாதைகளில் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். உச்சியில் மறைந்திருந்து, கொடித்துவக்கு எனப்படும் சிறு பீரங்கியால் சுட்டார்கள். அது எளிதில் தூக்கிச் செல்லக்கூடியது. தடித்த சிவப்புக் கம்பளிச் சட்டை போட்ட வெள்ளைச் சிப்பாய் புழுக்கத்தில் ஏறவேண்டும். மழையில் மருந்து நனைந்தால் துப்பாக்கி தீப்பற்றாது.

எதிர்த்தரப்பில் நின்றவனும் ஏழைக் குடியானவன்தான். பதினைந்து நாளுக்கான உணவு, சிறிய சமையற்பாத்திரம், கூடாரமாக விரித்துக்கொள்ள ஒரு தாளிப்பனை ஓலை. இவ்வளவும் அவனே சுமந்து வரவேண்டும். அந்தத் தவணை முடிந்ததும் வேறொருவன் அவனிடத்துக்கு வருவான்.

கண்டியில் தங்கிய காவற்படையைக் குண்டைவிடக் காய்ச்சலே அதிகம் தின்றது. பார்பட்டும் நோயில் மாண்டார். ஜூன் 24 அன்று காவற்படைத் தலைவர் மேஜர் டேவி சரணடைந்தபோது நடமாடக்கூடிய ஆங்கிலச் சிப்பாய்கள் சுமார் 20 பேரே. ஆயுதங்களோடு திருகோணமலைக்குத் திரும்பிப் போகலாம் என்பது உடன்பாடு. ஆனால் வழியில் வட்டபுளுவையில் மகாவலி ஆறு பெருக்கெடுத்து ஓடியது, கடக்கத் தோணியில்லை. ஆங்கிலேயர் முடிசூட்டியிருந்த முத்துசாமியை ஒப்படைத்த பிறகும் உயிர் கிடைக்கவில்லை. ஆயுதங்களைக் கீழே வைத்தவர்கள் இருவர் இருவராக அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். கண்டி மருத்துவமனையில் விட்டுவரப்பட்ட நோயாளிகளுக்கும் அதே கதி நேர்ந்தது. அரசனிடம் சேவகம் செய்ய மறுத்த மலாய்த் தளபதி நூருதீனும் அவர் சகோதரரும் பின்னர் உயிரிழந்தனர். வெட்டுக்காயத்தோடு ஆற்றை நீந்திக் கடந்த கோப்ரல் பார்ன்ஸ்லி, மாத்தளைப் பக்கத்துக் காவற்கோட்டைக்குச் செய்தி கொண்டுபோனார். அங்கிருந்த கப்டன் மாட்ஜ் தன் ஆட்களோடு பின்வாங்கி, ஜூலை தொடக்கத்தில் திருகோணமலையை அடைந்தார்.

அடுத்த ஆண்டு கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன் ஏறத்தாழ 300 பேருடன் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் போனார். அங்கே வந்து சேரவேண்டிய மற்றப் படைகள் வரவில்லை. ஒக்டோபரில் மலைப்பாதை முழுவதும் சண்டையிட்டுக்கொண்டே திருகோணமலைக்கு இறங்கினார். உயிரோடு வந்து சேர்ந்தவர்களில் பலர் துறைமுக மருத்துவமனையில் படுத்தார்கள். 1810இல் அவர் வெளியிட்ட நூல், அக்கால மலைப்போர் பற்றிய முதன்மையான சான்றுகளுள் ஒன்று.

1815இல் ஆங்கிலேயப் படை எட்டுப் பிரிவுகளாகக் கண்டியை நோக்கி மீண்டும் நகர்ந்தது. திருகோணமலையிலிருந்தும் பிரிவுகள் சென்றன. இம்முறை கண்டிப் பிரதானிகளின் ஆதரவு ஆங்கிலேயர் பக்கம் இருந்ததால் நகரம் பெரிய சண்டையின்றி வீழ்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மாண்டவர்களில் அதிகாரிகளுக்கு நூல்களில் பெயர் உண்டு. மலாய்ச் சிப்பாய்களும் லஸ்கர்களும் கூலியாட்களும் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். திருகோணமலையின் வரலாற்றை இனி எழுதுவோர் இவர்களையும் தேடி எழுதவேண்டும்.